கவர் சைதாப்பேட்டையில், சான்றிதழ் குஜராத்தில்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. நான் கடைசியாக வேலை பார்த்த மசாலாத்தூள் கம்பெனியும் கிண்டி தொழிற்பேட்டையில்தான். வெயில் தாழ்ந்திருந்தால் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்விடுவேன்.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. பொருளைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறவரே அந்தப் பாக்கெட்டின் முடிவுக்கும் பொறுப்பு என்பது அதன் சாரம். 2022 பிப்ரவரியில் அதற்குக் கணக்கு வைத்தார்கள்: 2021-22க்கு 25 சதவீதம், அடுத்த ஆண்டு 70, அதற்கடுத்த ஆண்டு முழுதும். நல்ல சட்டம் என்றுதான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். என் சண்டை அது நடக்கிற விதத்தோடு.

எங்கள் மிளகாய்த்தூள் கவர் மூன்று அடுக்கு. அச்சுக்காக வெளியே பாலியஸ்டர், வாசனை போகாமலிருக்க நடுவில் உலோகப் பூச்சு, ஒட்டுவதற்கு உள்ளே பாலித்தீன். ஒட்டினபின் பிரிக்க முடியாது. எங்கள் தெருப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் ஒருமுறை ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். "இது ஓடாது சார், எடையும் நிக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பால் கவருக்காகக் குனிகிறவர் இதற்குக் குனிய மாட்டார். சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்கலாம். ஆனால் அதுவரை கொண்டுபோய்ச் சேர்க்க யாராவது பொறுக்க வேண்டுமே!

நாங்கள் என்ன செய்தோம்? சான்றிதழ் வாங்கினோம். எத்தனை டன் கவர் விற்றோமோ, அந்த ஆண்டு இலக்குப்படி அத்தனை டன்னுக்கு. விற்றவர் குஜராத்தில். எங்கள் கவர் ஒன்றுகூட அந்த ஊர் மண்ணைப் பார்த்ததில்லை. சட்டம் இதை அனுமதிக்கிறது. கணக்காளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே வேலை முடிந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்.

அடுத்த வருடம், 2023-இல், குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகத்தில் சில மறுசுழற்சியாளர்கள் 6 லட்சத்துக்கும் மேல் போலிச் சான்றிதழ்கள் உருவாக்கியிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் வாங்கினது அசலா என்று யாரும் கேட்கவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை.

"எங்கே எரித்தால் என்ன, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தானே" என்பார்கள். நாட்டுக் கணக்குக்குச் சரி. சைதாப்பேட்டைச் சாக்கடையின் அடைப்பு அதனால் எடுபடாதே.

பொருளே திரும்பி வரும் வழியும் நம் மாநிலத்தில் உண்டு. சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள்: டாஸ்மாக். யானைக் காலிலும் மாட்டுக் காலிலும் கண்ணாடி குத்துகிறது என்று வழக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022-இல் நீலகிரியில் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. அங்கே சான்றிதழ் இல்லை, பாட்டில் இருக்கிறது.

பத்து ரூபாய் மசாலாப் பாக்கெட்டுக்கு இது பொருந்தாது என்பதும் தெரியும். அதற்கு யார் முன்பணம் கட்டுவார்கள்? அதனால் நான் கேட்பது இரண்டுதான். தமிழ்நாட்டில் விற்றதற்குத் தமிழ்நாட்டில் பொறுக்கிய கழிவையே கணக்கில் காட்டச் சொல்லுங்கள். மூன்று அடுக்குக்குப் பதில் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் கவர் போடச் சொல்லுங்கள். வாசனை ஒன்பது மாதம் நிற்காது, நாலு மாதம் நிற்கும். இதை நான் கம்பெனியில் சொன்னபோது, கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்புவார் என்று விற்பனைப் பிரிவினர் ஒரேயடியாக மறுத்தார்கள். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் மழைக்குப்பின் நடக்கப் போனேன். மழைநீர் வடிகால் வாயில் சிவப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன்.