ஹீட்டர் போடுங்க, ஜன்னலை மட்டும் அடைக்காதீங்க!

பொம்மையார்பாளையத்தில் ரூம் ஹீட்டர் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். கிழக்கே கடல், ஊரை ஒட்டி ஈ.சி.ஆர்., வருஷத்தில் முக்கால்வாசி நாள் வியர்வை. மார்கழியில் விடிகாலை லேசாகப் பனி விழுந்தாலே பெருசுகள் மப்ளர் கட்டிக்கொள்ளும். இங்கே ஹீட்டர் என்றால் வாளித் தண்ணீரில் போடும் ராடுதான்!

ஆனால் இந்த விஷயம் அதிகம் தெரிந்திருக்க வேண்டியது கடலோரத்துக்காரர்களுக்குத்தான். காலேஜ் டூரில் ஊட்டி, கொடைக்கானல் போகும் பையன் முதல் வேலையாக என்ன செய்கிறான்? கதவு, ஜன்னலை இறுக்கிச் சாத்துகிறான். இடுக்கில் துண்டைச் சொருகுகிறான். பிறகு உள்ளே கரி அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ வைத்துக்கொண்டு தூங்குகிறான். ஆபத்தே இதில்தான்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளாவிலிருந்து சுற்றுலா போன 8 பேர் ஒரே அறையில் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். உள்ளே கேஸ் ஹீட்டர், கதவு ஜன்னல் எல்லாம் உள்பக்கம் தாழ்ப்பாள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் திருச்சி இளைஞர்கள் இருவர் பார்பிக்யூ அடுப்புப் புகையால் இறந்தார்கள்.

காரணம் கார்பன் மோனாக்சைடு. சமையல் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், அதற்காகவே அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. "கரி நல்லா கனிஞ்சிடுச்சு, புகையே இல்லையே" என்பது வெறும் ஏமாற்று. ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி வரும். மலைப்பாதையில் பஸ் ஏறி வந்தவன் அதைக் கொண்டை ஊசி வளைவின் வேலை என்று நினைத்துப் படுத்துவிடுவான். படுக்கக்கூடாது! எல்லோரும் உடனே வெளிக்காற்றுக்கு வரவேண்டும், 108-க்கு போன் போடவேண்டும்.

சரி, கரண்ட் ஹீட்டர்? அதில் இந்த வாயு வராது, ஆனால் தீ உண்டு. 2022 ஜனவரியில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு கரண்ட் ஹீட்டரில் தொடங்கிய தீயில், அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கப் புகை பரவி 17 பேர் இறந்தார்கள். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜருக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதைத் தாங்காது. சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகத்தான் சொருகவேண்டும். மெத்தை, திரை எல்லாம் ஒரு மீட்டராவது தள்ளி. ஈரச் சாக்ஸை அதன்மேல் காயப்போடுவது சுத்த முட்டாள்தனம்.

"கரண்ட் செலவாகுமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படுக்கும் முன் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். அறையில் நாலு பேர் என்றால் ஆளுக்கு அரை யூனிட். அப்புறம் ஆஃப் செய்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டால் போதும். அரை யூனிட்டை மிச்சம் பிடிக்கக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது எந்த அக்கவுண்ட்ஸிலும் லாபம் ஆகாது.

தூங்கும் அறைக்குள் கரி வேண்டும் என்று கேட்டாலும் லாட்ஜ்காரர்கள் கொடுக்கக்கூடாது. டூர் கூட்டிப்போகும் காலேஜ்கள், ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லும்போதே இதையும் சொல்லி அனுப்பவேண்டும். குளிர் ஒரு ராத்திரியில் போய்விடும். உயிர் போனால் வராது.