பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே

மணலியிலிருந்து எண்ணூர் செல்லும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிற ஒரு மே மாதத்து நடுப்பகலில், என் தமக்கை மகன் என்னை ஒரு பழைய பெட்டிக் கிடங்குக்கு அழைத்துச் சென்றான். கட்டடக் கலை பயின்று பத்து ஆண்டுகளாகத் தொழில் செய்துவரும் அவனுக்கு, கப்பலேறித் தேசம் தேசமாகச் சுற்றி ஓய்ந்த இரும்புப் பெட்டிகள் இரண்டை விலைக்கு வாங்கி, அவற்றையே சுவராகவும் கூரையாகவும் கொண்டு ஒரு சிறு வீட்டை நிர்மாணிக்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. செங்கல் சூளையும் சிமெண்டு ஆலையும் கக்குகிற புகையில் அவ்வளவையாவது மிச்சம் பிடிக்கலாமே என்பது அவன் கட்சி. அந்த ஆசையை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன். ஆனால், "சுவரைத் தொட்டுப் பாருங்கள், மாமா" என்று அவன் சொல்ல, கையை வைத்த மாத்திரத்தில் எனக்கு விரல் சுட்டுவிட்டது.

சரக்குக்காகப் பிறந்த பெட்டி இது. அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குவதில் வீணாகும் காலத்தையும் கூலியையும் கண்டு மனம் சலித்து, லாரியின் உடற்பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்துவிடலாம் என்று துணிந்து, 1956 ஏப்ரல் 26-இல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதிலிருந்து இதன் சரித்திரம் தொடங்குகிறது. இன்றைய இருபதடிப் பெட்டியின் அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி. வெறும் பெட்டியே 2 டன்னுக்கு மேல் கனக்கும். மடிப்பு மடிப்பாக வளைத்த அதன் பக்கத் தகடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமே உடையது. மேலே அடுக்குகிற பெட்டிகளின் பாரத்தைத் தாங்குபவை நான்கு மூலைத் தூண்கள். ஜன்னலுக்கும் வாசலுக்கும் அந்தத் தகட்டை அறுத்தோமானால், அறுத்த இடத்தைச் சுற்றிப் புதிய இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்தே தீரவேண்டும்.

தாதுவை உருக்கி ஒரு டன் எஃகு செய்தால் ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வானத்தில் கலக்கிறது. ஆகையால் முன்பே செய்த எஃகை மறுபடி உருக்காமல் அப்படியே பயன்படுத்துவது நியாயமான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே ஒரு பிரயாணம் செய்த புத்தம் புதிய பெட்டியை, அழகுக்காகவும் நவீனத்துக்காகவும் வாங்கி வீடாக்குவோர் இருக்கிறார்களே, அவர்கள் மிச்சம் பிடிப்பது எதை என்று எனக்கு விளங்கவில்லை. பழைய பெட்டியை வாங்கி, பிறகு வெப்பம் தாங்காமல் இரவும் பகலும் ஏ.சி. ஓட்டினாலும் கணக்கு நேராகாது. வெப்பத்தைத் தடுக்க உட்புறம் இரு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் பஞ்சோ தெர்மோகோலோ வைத்தோமென்றால், மிஞ்சுகிற அறையின் அகலம் 7 அடியைச் சற்றே தாண்டும். கட்டிலைப் போட்டபின் ஒருவர் ஒதுங்கி நடக்கத்தான் இடம்.

இந்த இக்கட்டுக்கு நான் அறிந்த மிக அழகான விடை ஜப்பானில் பிறந்தது. 2011 மார்ச் 11-இல் எழுந்த ஆழிப்பேரலை, மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த ஓனகாவா என்ற ஊரைத் துடைத்துக்கொண்டு போனபோது, வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடு கட்டச் சமநிலம் போதவில்லை. கிடைத்தது ஒரு பேஸ்பால் மைதானம். ஷிகேரு பான் என்ற கட்டடக் கலைஞர் அங்கே இருபதடிப் பெட்டிகளை இரண்டு மூன்று அடுக்குகளாக ஏற்றி 189 குடும்பங்களைக் குடியேற்றினார். அவர் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கவில்லை. சதுரங்கப் பலகையின் கறுப்பும் வெள்ளையும்போல, ஒரு பெட்டி, ஓர் இடைவெளி, மீண்டும் ஒரு பெட்டி என்று மாற்றி மாற்றி அடுக்கி, படுக்கையறையையும் குளியலறையையும் பெட்டிக்குள் வைத்து, குடும்பம் கூடியிருந்து உண்ணவும் பேசவும் வேண்டிய இடத்தைப் பெட்டிகளுக்கு நடுவே கண்ணாடியிட்டு வெளிச்சமாக விட்டார். அதனால் விசாலம் கிடைத்துவிட்டது. தொண்டர்கள் வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அலமாரி அடித்துக் கொடுத்தார்கள்.

இதே பான், 2004-இன் பேரலைக்குப் பின் இலங்கையின் தென்கரையில் கிரிந்த என்ற முஸ்லிம் மீனவர் கிராமத்தில் வீடுகள் கட்டினார் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே பெட்டி இல்லை. மண்ணை அழுத்திச் செய்த கல்லும் ரப்பர் மரமும் கொண்டு கட்டி, வீட்டுக்கும் சமையற்கட்டுக்கும் இடையே கூரையிட்ட திறந்த கூடம் ஒன்றை நிழலுக்காக விட்டார். குளிர்நாட்டில் இரும்பு, வெயில்நாட்டில் மண். இரண்டிலும் நடுவிடத்தை மட்டும் அவர் மறக்கவில்லை.

வெயில்நாட்டிலும் பெட்டி செல்லும் என்பதற்கு, தோஹாவில் 974 பெட்டிகளைக் கொண்டு எழுப்பிய விளையாட்டரங்கத்தைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்கான எட்டு அரங்கங்களில் குளிர்சாதனம் இன்றிக் கடற்காற்றை நம்பி அமைந்தது அது ஒன்றே. அதனால்தான் அங்கே நடந்த ஏழு ஆட்டங்களில் எதுவும் இரவு 7 மணிக்கு முன்னால் தொடங்கவில்லை. வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. நடுப்பகலிலும் அதில் குழந்தை தூங்கவேண்டும்.

கிடங்கின் காவலாளி அறுபது வயதைத் தாண்டியவர். அவருக்குக் கொடுத்திருந்த அறையும் ஒரு பெட்டியே. அதைச் சுற்றி அவர் தாமாகவே நான்கு சவுக்குக் கழிகளை நட்டு, தகட்டுக்கு இரண்டு முழம் மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தார். இடையே காற்று தாராளமாகப் போய்வந்தது. "முன்னெல்லாம் பகல்ல உள்ளே சோறு வச்சா ஊசிப்போயிடும் சார். கீத்து போட்ட பிறகுதான் ஆள் நிக்க முடியுது" என்றார். அந்தச் சுவரில் கையை வைத்தேன்; நிழலில் வைத்த பித்தளைக் குடம்போல் வெதுவெதுப்பாக இருந்தது. அவருடைய கயிற்றுக் கட்டிலோ உள்ளே இல்லை. தம் பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே, கடற்காற்று நுழைகிற சந்தில் கிடந்தது.

அதைப் பார்த்த என் மருமகன் சட்டைப் பையிலிருந்த ரசீதின் முதுகில் தன் வீட்டுப் படத்தை மறுபடி வரைந்தான். முன்பு ஒட்டிக்கொண்டிருந்த இரு பெட்டிகள் 12 அடி விலகின. இரண்டையும் மூடி ஒரே கூரை உயர்ந்தது. பின்பு கதவண்டை போய், அங்கிருந்த சிறு தகட்டில் பொறித்த விவரங்களை வாசிக்க முயன்றான். பெட்டி செய்த ஆண்டு, தாங்கும் பாரம், தரைப் பலகைக்குப் பூச்சி அரிக்காமல் இருக்க ஏற்றிய மருந்து ஆகியவை அதில்தான் இருக்கும். அந்த மருந்து சரக்குக்குப் பாதகமில்லை, தவழும் பிள்ளைக்கு ஆகாது. காவலாளி கந்தலை மண்ணெண்ணெயில் நனைத்துத் துருவைத் துடைத்துக் கொடுத்தார். ஆண்டு தெரிந்தது, 2009. மருந்தின் பெயர் எழுத்தழிந்து கிடந்தது.

"பலகையைப் பெயர்த்துவிடுவோம், மாமா" என்றான்.