மறைக்கலாம், மறக்கக் கூடாது

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தின் பெயரில் மூங்கில் இருக்கிறது. தெலுங்கின் வெதுருவும் பழந்தமிழின் வெதிரும் ஒன்றே. ஆனால் புது வீடுகள் கான்கிரீட்தான். திருப்பதியிலும் பெங்களூரிலும் சம்பாதித்துச் சொந்த ஊரில் வீடு கட்டுகிறவர்களில் பலருக்கு, சுவரில் பிளக் பாயின்ட் கண்ணில் படவே கூடாது.

ஒரு காலத்தில் தேக்குச் சட்டத்தின்மேல் ஒயர் ஊர்ந்து போகும். கட்டைமேல் கறுப்பு பேக்கலைட் சுவிட்ச் உட்கார்ந்திருக்கும். மின்சாரம் வந்ததே பெருமை, அதை யார் மறைப்பார்கள்? பிறகு ஒயர் பைப்புக்குள் போய் சுவருக்குள் மறைந்தது. இப்போது துளையின் முறை.

துளையை மறைப்பதற்கு அழகைவிட நல்ல காரணம் ஒன்று உண்டு: குழந்தையின் விரல். பிரிட்டனில் போருக்குப் பிந்தைய வீடுகளுக்கான ஒயரிங் பற்றி ஆராய்ந்து 1944ல் அறிக்கை தந்த குழுவில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். சிறு குழந்தைக்கும் ஆபத்தில்லாத சாக்கெட் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1947ல் வந்த சதுரக் கால் பிளக்கில் நீளமான எர்த் கால் முதலில் நுழைந்தால்தான் மற்ற இரு துளைகளின் மூடி திறக்கும். பிரிட்டன் கைவிட்ட பழைய உருண்டைக் கால் பிளக்கைத்தான் நாம் இன்னும் வைத்திருக்கிறோம், 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று. பரவாயில்லை, மூடி வைத்த சாக்கெட் இதிலும் கிடைக்கிறது. ஐ.எஸ். 1293 முத்திரை பார்த்து அதை வாங்கினாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியில்தான் தவறுகள். கட்டிலை இடித்துத் தள்ளினால் பின்னாலுள்ள பிளக் நசுங்குகிறது, உள்ளே பிடி தளர்கிறது, தளர்ந்த இடம் சூடாகிறது. அலமாரிக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வைத்து மேலே புடவைகளை அடுக்கினால் சூடு வெளியேற வழியில்லை. சுவிட்ச் போர்டுமேல் காலண்டர் மாட்டுகிறவர்களும் உண்டு. கிரானைட் மேடைக்குள்ளிருந்து எழும்பி வரும் சாக்கெட் விளம்பரத்தில் அழகு. சாம்பார் கொட்டும் சமையலறைக்கு அது ஆகாது. ஒயர் இணைப்பு இருக்கும் பெட்டியைப் பூசி மூடுவதோ, நாளை ரிப்பேருக்கு வரும் எலெக்ட்ரீஷியனுக்குச் செய்யும் துரோகம்.

ஃபிரிட்ஜுக்கும் டி.வி.க்கும் பின்னால் சாக்கெட் ஒளிந்திருக்கட்டும். அதன் சுவிட்ச் மட்டும் கைக்கு எட்டும் இடத்தில், வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். ஷாக் அடித்தவரைக் காப்பாற்ற வருகிறவர் ஃபிரிட்ஜை நகர்த்திக்கொண்டிருக்க முடியாது. மற்ற இடங்களில் சுவர் நிறத்திலேயே பிளேட் வாங்கிப் போட்டால் போதும், செலவும் குறைவு.

கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும் இன்னொன்று எர்த். மூன்று துளை இருக்கும். மூன்றாவதில் ஒயரே இருக்காது. எம்.சி.பி. இருக்கிறதே என்று நினைப்பவர்கள் கவனிக்க: அது ஒயரைக் காப்பது, ஆளை அல்ல. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2021ல் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000க்கும் அதிகம்.

ராயலசீமையின் பாறை மண் கோடையில் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. கரியும் உப்பும் போட்ட குழியைச் சிமென்ட் தளத்துக்கு அடியில் புதைக்காமல் மேலே ஒரு மூடி விட்டு, சித்திரை, வைகாசியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆயிரம் அடி போர்வெல் போட்டும் தண்ணீருக்கு அல்லாடும் வீட்டில் இது ஆடம்பரமாகத் தோன்றலாம். அரிசி கழுவிய தண்ணீரும் போதும்.