குளமாவில் இருக்கும் காது பெட்டிமுடியில் ஏன் இல்லை?



இடுக்கி அணைத் தண்ணீர் மின்சாரத்துக்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அதே நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், குளமாவில், மத்திய சர்க்காரின் ராணுவ ஆராய்ச்சித் துறையான டி.ஆர்.டி.ஓ.வின் நிலையம் ஒன்று இருக்கிறது. கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடம் அதை நடத்துகிறது. நீருக்கடியில் வரும் எதிரிக் கப்பலை ஓசையை வைத்தே கண்டுபிடிக்கும் சோனார் கருவிகளை அங்கே சோதிக்கிறார்கள். 2024 ஏப்ரல் 17-ந் தேதி புதிய மிதவைத் தளம் ஒன்றும் திறக்கப்பட்டது. மேலே ஒரு தளம் மிதக்கும். இன்னொரு தளம் கருவிகளைச் சுமந்து 100 மீட்டர் ஆழம் வரை இறங்கும்.

2025-26 பட்ஜெட்டில் ராணுவத்துக்கு ஒதுக்கியது 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய். அதில் டி.ஆர்.டி.ஓ.வின் பங்கு 26,816 கோடி. நாளொன்றுக்கு 73 கோடி என்று கணக்கு வருகிறது. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நாம் கட்டும் வரியும் இதில் சேர்ந்ததுதான்.

இந்தச் செலவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எல்லையில் நிற்பவனும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைதான். சிப்பாய்க்காகக் கண்டுபிடித்தது தொழிலாளிக்கு எப்போது வந்து சேரும் என்பதுதான் நமது கேள்வி.

வந்து சேராது என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்க ராணுவப் பணத்தில் 1969-ல் தொடங்கிய கம்ப்யூட்டர் இணைப்புதான் இன்றைய இணையத்துக்கு மூதாதை. அவ்வளவு தூரம் போவானேன்? ரயில்வேயில் இருக்கும் நம் கண்முன்னே ஓர் உதாரணம் இருக்கிறது. முன்பெல்லாம் ரயில் பெட்டிக் கக்கூஸில் விழுவது நேரே தண்டவாளத்தில்தான் விழும். அதை மிதித்து, அதிலேயே கை வைத்து ஸ்லீப்பர் மாற்றியவர்கள் கேங்மேன்கள். பனிமலையில் சிப்பாய்களின் கழிவு மட்காமல் கிடந்ததால், அதைத் தின்று நீரும் வாயுவுமாக்கும் நுண்ணுயிர்களை டி.ஆர்.டி.ஓ.வின் குவாலியர் ஆய்வுக்கூடம் உருவாக்கியிருந்தது. ரயில்வே அதோடு ஒப்பந்தம் போட்டு, 2011 முதல் பெட்டி பெட்டியாக அந்தத் தொட்டிகளை மாட்டியது. அடைப்பும் நாற்றமும் உண்டு என்று 2017-ல் மத்திய தணிக்கைத் துறையே குறை சொன்னது. இன்றைக்கும் பயணிகள் மூக்கைப் பிடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் கேங்மேனின் தலையிலிருந்து ஒரு கேவலம் இறங்கியதே, அது ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் இறங்கியது. ரயில்வே கேட்டது, கிடைத்தது.

தோட்டத் தொழிலாளிக்காகக் கேட்டவர் யார்?

2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு, மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மூடின. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் கயத்தாற்றுப் பக்கத்துப் பூர்வீகம், நம் ஜனங்கள். மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. சேதி வெளியே போகவே பொழுது விடிய வேண்டியிருந்தது. அதே ஜில்லாவில்தான் 100 மீட்டர் ஆழத்துத் தண்ணீருக்குள் ஓசை கேட்கும் கருவிகள் இறங்குகின்றன!

கடலில் கேட்கும் கருவி வேறு, மலையில் வைக்கும் கருவி வேறு என்று படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் சண்டிகரில் டி.ஆர்.டி.ஓ.வுக்கே வேறோர் ஆய்வுக்கூடம் இருக்கிறதே. இமயமலைப் பனிச்சரிவையும் மண்சரிவையும் ஆராய்வதே அதன் வேலை. பனி சரியப் போகிறது என்று சிப்பாய்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. மூணாறு மலையில் நடக்காத காரியமும் அல்ல. அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் நிலத்துக்குள் கருவிகளைப் புதைத்து, மழைநீர் ஊறுவதையும் மண் அசைவதையும் பல வருஷங்களாக அளந்து வருகிறார்கள். ஒரு சரிவில் முடிந்தது மற்றச் சரிவுகளில் முடியாதா?

பெருமாட்டியில் உட்கார்ந்து கொண்டு மலையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பிளாச்சிமடாவில் கொக்கோ கோலா ஆலை விவசாயிகளுக்கு உரமென்று கொடுத்த கழிவில் ஈயமும் காட்மியமும் இருந்ததை 2003-ல் அம்பலப்படுத்தியது பி.பி.சி. வானொலி, மண்ணைச் சோதித்தது இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம். நம் வயலில் கிடந்த விஷத்தின் பெயர் தெரிய, சீமையிலுள்ள ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. ராக்கெட் விடும் தேசம் இது! விஞ்ஞானம் யார் கேட்டால் ஓடி வருகிறது, யார் கூப்பிட்டால் காது கேளாமல் இருக்கிறது என்பதை நம் பஞ்சாயத்தைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆகவே ஆலத்தூர், இடுக்கி பார்லிமெண்ட் உறுப்பினர்களுக்குத் தபால் அட்டை எழுதுங்கள். சபையில் இரண்டு கேள்விகளை அவர்கள் எழுப்ப வேண்டும். சண்டிகர் ஆய்வுக்கூடம் இடுக்கித் தோட்டங்களின் லயச் சரிவுகளை எப்போது வந்து பார்க்கும்? 26,816 கோடியில் இந்த வேலைக்கென்று தனியே எவ்வளவு ஒதுக்குவார்கள்? தமிழிலேயே எழுதலாம். லயத்து நம்பரையும் எஸ்டேட் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.