ஏலமலைப் பிள்ளைக்கும் பந்து வேண்டும்

"மலை ஏறி இறங்கிப் பாடுபடுகிறவன் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு? உழைப்பே தேகப்பயிற்சிதானே?" போடிநாயக்கனூரில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்களின் பிள்ளைகள் மட்டும் கட்டணம் கட்டிப் பயிற்சிக்குப் போகிறார்கள்!

இவர்களுக்கு ஹாரி குரோ பக் என்பவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். 1884இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்றவர். கூடைப்பந்து பிறந்த இடமும் அதுதான். வெளியே பனி கொட்டும் 1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், மாணவர்கள் கூடத்துக்குள்ளேயே ஆடுவதற்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி உண்டாக்கிய ஆட்டம் அது.

அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளருக்கு ஒரே கணக்குதான்: அவருடைய கால்பந்து அணியும் கூடைப்பந்து அணியும் எத்தனை ஆட்டம் ஜெயித்தன? இந்தியாவுக்கு வந்த பக் வேறு கணக்குப் போட்டார். ஓர் அணியை உருவாக்குவதைவிட, ஊர் ஊராகப் பிள்ளைகளை விளையாட வைக்கும் ஆசிரியர்களை உருவாக்குவதே மேல் என்று கண்டார். 1920இல் சென்னையில் தேகப்பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இன்று நந்தனத்தில் நடக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுவே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவர்களில் அவரும் ஒருவர். 1943இல் காலமானார்.

அது வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம்; அவர் வந்ததும் மிஷன் ஸ்தாபனத்தின் மூலம். அதை நாம் மறக்கவில்லை. ஆனால் 'டிரில் மாஸ்டர்' என்று நம் ஊர்ப் பிள்ளைகள் அழைத்த ஆசிரியர் ஒரு படிப்புப் படித்துப் பள்ளிக்கு வந்தார் என்றால், அதற்கு வழி போட்டவர்களில் பக் முதன்மையானவர்.

உழைப்பும் விளையாட்டும் ஒன்றா? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண், ஏலச்செடியின் தூரடியில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுக்கிறாள். அந்த உழைப்பு முதுகை ஒடிக்கிறது. எடையும் கணக்கும் முதலாளியுடையவை. விளையாட்டில் பிள்ளை நிமிர்ந்து ஓடுகிறது. அந்த நேரம் அதற்கே சொந்தம். தாயின் முதுகு வளைந்தது போதாதா? பிள்ளையின் முதுகும் வளைய வேண்டுமா?

"குரங்கணியிலும் கொட்டகுடியிலும் மைதானத்துக்குச் சமதரை ஏது? உதைத்த பந்து பள்ளத்துக்கல்லவா போகும்?" என்பார்கள். கால்பந்துக்குப் பெரிய இடம் வேண்டும்தான். கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் போதும். வாலிபாலுக்கு 18க்கு 9. எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோருக்குச் சரிவை வெட்டிச் சமப்படுத்த முடிகிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் முடியாதா?

நாம் கேட்பது தர்மமல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதி நேரமாகவாவது உடற்கல்வி ஆசிரியர் வேண்டும் என்கிறது.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். மைதானம் உண்டா? ஆசிரியர் உண்டா? பந்து பிள்ளைகள் கையில் இருக்கிறதா, பீரோவில் பூட்டியிருக்கிறதா? இல்லாததை எழுதி, பெற்றோரின் கையெழுத்து வாங்கி, அடுத்த கிராமசபையில் தீர்மானமாக வையுங்கள். கூலிக்குப் போராடத் தெரிந்த நமக்கு, பிள்ளைகளின் மைதானத்துக்காகவும் போராடத் தெரியும்.