தன்வந்தரத்துக்கு விளம்பரம் எதற்கு?

2025ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 23 தான் ஆயுர்வேத தினம் என்று நடுவண் அரசு வரையறுத்து, அதுவரை தன்வந்தரி திரயோதசியை ஒட்டி ஆண்டுதோறும் இடம் மாறிவந்த அந்த நாளுக்கு நாட்காட்டியில் நிலையான கட்டம் ஒன்றை ஒதுக்கியிருக்கிறது. அந்த முதல் கொண்டாட்டத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் 11 அன்று, தவறான மருந்து விளம்பரங்களுக்கு எதிராக இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்திருந்த வழக்கை உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தபோது, 1945ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 170ஆம் விதியை நீக்கிய அறிவிக்கைக்கு அதுவரை நீடித்த இடைக்காலத் தடையும் விலகிப்போனது. ஆயுர்வேதத்தைக் கொண்டாடுகிறவர்களும் ஏளனம் செய்கிறவர்களும் ஒருசேரக் கவனிக்கத் தவறிய அந்த நிகழ்வு, தினசரி வாழ்க்கையில் இந்த மருத்துவம் மிச்சமிருக்கும் ஒரு சில நிலப்பகுதிகளில் ஒன்றான குமரி மாவட்டத்துக்கு விழாவைவிட முக்கியமானது.

170ஆம் விதி 2018 இறுதியில் சேர்க்கப்பட்டது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்தைத் தயாரிப்பவர் விளம்பரம் செய்யும் முன் தம் மாநிலத்தின் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் அதைக் காட்டி, அதற்கென ஒரு தனி அடையாள எண்ணைப் பெற வேண்டும் என்று அது சொன்னது. மிகைப்படுத்தல் இருந்தாலோ, நடிகர் நடிகையரின் படமும் சான்றும் இருந்தாலோ, அரசு அமைப்பின் பெயரைத் துணைக்கு இழுத்தாலோ எண் கிடைக்காது என்றும் வகுத்தது. இவ்வளவுதான் அந்த விதி. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஆயுஷ் அமைச்சகம், இந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது; அது நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானபோது, கடிதத்தைத் திரும்பப் பெறுவதற்குப் பதிலாக, 2024 ஜூலை 1 அன்று விதியையே நீக்கி அறிவிக்கை வெளியிட்டது; ஆகஸ்ட் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது; மறு ஆண்டு அதே மாதத்தில் தடையும் போயிற்று. நோய் தீர்க்கும் துறையைப் பேண வேண்டிய அமைச்சகம் விளம்பரதாரருக்கு இத்தனை விடாப்பிடியாக வாதாடியதற்கு வேறு உதாரணம் காண்பது அரிது.

இதில் யாருக்கு ஆதாயம் என்று அறிய, சட்டம் ஆயுர்வேத மருந்துகளை இரண்டு வகையாகப் பிரித்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். அஷ்டாங்க ஹிருதயம், சகஸ்ரயோகம் போன்ற, சட்டத்தின் அட்டவணையில் ஏற்கப்பட்ட நூல்களில் சொன்ன சேர்மானத்தையும் செய்முறையையும் அப்படியே பின்பற்றுவது சாஸ்திரிய மருந்து. அந்த நூல்களில் வரும் சரக்குகளை எடுத்துத் தன் விருப்பப்படி ஒரு கூட்டாக்கி, அதற்குச் சொந்தப் பெயரைச் சூட்டி விற்பது பேட்டன்ட் மருந்து என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் தனியுரிமை மருந்து. தன்வந்தரம் குழம்பு (நல்லெண்ணெயுடன் நெய்யோ ஆமணக்கெண்ணெயோ கூட்டிக் காய்ச்சும் கெட்டி எண்ணெய்க்குக் குழம்பு என்று பெயர்), தசமூலாரிஷ்டம், முறிவெண்ணெய் ஆகியவை முதல் வகை. இவற்றின் பெயரை எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. நாகர்கோவிலில் காய்ச்சினாலும் திருச்சூரில் காய்ச்சினாலும் அதே பெயர்தான். எனவே தன்வந்தரத்தைப் பற்றி விளம்பரத்தில் பணத்தைக் கொட்ட எந்த நிறுவனத்துக்கும் காரணமில்லை, ஏனெனில் ஒருவர் கொட்டிய பணத்தின் பலனைப் பக்கத்துக் கடைக்காரரும் அனுபவிப்பார். விளம்பரம் தேடி ஓடுவது பெரும்பாலும் இரண்டாம் வகையே, அதாவது நூல்களிலிருந்து விலகி நின்ற மருந்தே. நூலின் துணை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு விளம்பரத்தின் தேவை கூடுகிறது என்ற எளிய பொருளாதாரத்தை ஆயுஷ் அமைச்சகம் அறியாதிருக்க வாய்ப்பில்லை.

சியவனப்பிராசம் சாஸ்திரிய மருந்தாயிற்றே, அதற்கு விளம்பரம் இல்லையா என்று கேட்கலாம். அந்த விளம்பரம் எங்கே போய் முடிந்தது என்பதும் ஊரறிந்தது: நாற்பது மூலிகைகளால் ஆன சாதாரணச் சரக்கு எதற்கு என்று பதஞ்சலி நிறுவனம் இடித்துரைக்க, டாபர் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2025 ஜூலையில் அந்த விளம்பரத்துக்குத் தடை பெற்றது. நெல்லிக்காய் லேகியத்துக்காக நடந்த அந்த வழக்கில் நோயாளிக்கு இடமே இல்லை.

நாஞ்சில் நாடு உள்ளிட்ட குமரி மாவட்டத்தில் இந்த மருத்துவம் வேறு வழியில் வளர்ந்தது. 1949 வரை திருவிதாங்கூரிலும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களில், தமிழகத்தின் பிற பகுதிகளில் சித்த மருத்துவம் வகித்த இடத்தை ஆயுர்வேதமும் சித்தமும் வர்ம வைத்தியமும் கலந்து பகிர்ந்துகொண்டன. மருந்துவாழ் மலையும் அகத்தியர் பெயர் தாங்கிய ஊர்களும் அந்தக் கலப்புக்குச் சாட்சிகள். திருவனந்தபுரத்தில் 1889இல் ஆயுர்வேத பாடசாலை தொடங்கியது. அதன் நிழலில் இங்கே வைத்தியசாலைகள் பெருகின. ஆசான் அல்லது வைத்தியர் கொடுத்த எண்ணெய் எதனால் ஆனது என்பதற்கு லேபிள் கிடையாது. அவர் வீட்டு முற்றத்தில் காயும் வேரையும் அடுப்பில் கொதிக்கும் உருளியையும் ஊரே பார்த்தது. மருந்து பலிக்காவிட்டால் அவர் மறுநாள் அதே தெருவில் நடந்தாக வேண்டும். அதுவே அந்த மருந்துக்குப் பிணை. புட்டி ஊரைத் தாண்டிப் போகத் தொடங்கியபோது அந்தப் பிணை அறுந்தது. அறுந்த இடத்தில் சட்டம் கட்டிவைத்த மெல்லிய நூல்தான் 170ஆம் விதியின் அடையாள எண்.

முறிவெண்ணெயையே எடுத்துக்கொள்ளலாம். எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் ஆசான்மார் காலங்காலமாகப் பூசிவரும் இதன் சேர்மானம் புங்கு, வெற்றிலை, முருங்கை, சோற்றுக் கற்றாழை, கல்யாண முருங்கை, தண்ணீர்விட்டான் கிழங்கு, சின்ன வெங்காயம், அரிசி களைந்த நீர், இவற்றோடு தேங்காய் எண்ணெய். தென்னந்தோப்பும் வயலும் அடுத்தடுத்துக் கிடக்கும் நாஞ்சில் நாட்டு வீடொன்றின் புறக்கடையில் இவற்றில் பாதிக்கு மேல் எந்நாளும் கிடைக்கும். கடினம் சரக்கில் இல்லை, பாகத்தில் இருக்கிறது: எண்ணெயில் நீர் வற்றி, அடியில் தங்கும் கல்கம், அதாவது அரைத்துச் சேர்த்த விழுது, விரலில் உருட்டினால் திரியாகத் திரளும் பதம் வரும்போது இறக்க வேண்டும்; முந்தினால் எண்ணெய் கெட்டுப்போகும், பிந்தினால் வீரியம் எரிந்துபோகும். இந்த அறிவை எந்தத் தொலைக்காட்சி விளம்பரமும் முப்பது நொடியில் சொல்லிவிட முடியாது, சொல்ல நினைப்பதும் இல்லை.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தை விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு தன் 79ஆவது சுற்றில், 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை 1,81,298 குடும்பங்களிடம் ஆயுஷ் மருத்துவம் பற்றி முதன்முறையாகத் தனிக் கணக்கெடுப்பு நடத்தியது. ஓராண்டுக்குள் ஆயுஷ் முறைகளில் ஏதேனும் ஒன்றை நோய் தடுக்கவோ தீர்க்கவோ பயன்படுத்தியோர் கிராமங்களில் சுமார் 46 விழுக்காடு, நகரங்களில் சுமார் 53 விழுக்காடு என்று அதன் முடிவு சொல்கிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பாதி இந்தியா ஆயுர்வேதத்தின் பக்கம் திரும்பிவிட்டது என்று முழங்குவோர், அதே அறிக்கையில் சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு இணை எண்களைப் படிப்பதில்லை: ஓராண்டில் ஒருவர் இதற்காகச் செலவிட்டது சராசரியாகக் கிராமத்தில் 472 ரூபாய், நகரத்தில் 574 ரூபாய். 472 ரூபாயை 365 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் முப்பது காசு கூட வராது. மாதத்துக்கு நாற்பது ரூபாயில் எந்த நிறுவனத்தின் சர்க்கரைக் கசாயத்தையும் கூந்தல் தைலத்தையும் ஒருவர் தொடர்ந்து வாங்க முடியாது. இந்தத் தொகைக்குக் கிடைப்பது சுக்கு, நல்லமிளகு, கருப்பட்டி, கொஞ்சம் திப்பிலி, சனிக்கிழமை தலைக்கு வைக்கும் நல்லெண்ணெய், ஆடி மாதத்து உலுவாக் கஞ்சிக்கான வெந்தயம். குடும்பத்தில் ஒருவராவது மருந்துச் செடியையோ வீட்டு மருந்தையோ அறிந்த வீடுகள் கிராமத்தில் சுமார் 85, நகரத்தில் சுமார் 86 விழுக்காடு என்று அதே கணக்கெடுப்பு சொல்வதையும் சேர்த்துப் படித்தால், நாட்டில் உயிரோடு இருக்கும் ஆயுர்வேதம் சமையலறை ஆயுர்வேதமே என்பதும், விளம்பர ஆயுர்வேதம் அதன் பெயரில் வரவு வைத்துக்கொள்கிறது என்பதும் வெட்டவெளிச்சமாகும். 472 ரூபாய் என்ற இந்த எண்ணை ஆயுஷ் அமைச்சகத்தின் வாயிற்சுவரில் எழுதிவைக்கலாம்.

சமையலறை ஆயுர்வேதத்துக்கும் விளம்பர ஆயுர்வேதத்துக்கும் உள்ள இடைவெளி விலையில் மட்டும் இல்லை. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் தன் சூத்திர ஸ்தானத்தின் இரண்டாம் அத்தியாயத்தைத் தினசரியைக்கு, அதாவது எழுவது முதல் உறங்குவது வரையான ஒழுங்குக்கும், மூன்றாவதைப் பருவத்துக்கேற்ற உணவு நடத்தைக்கும், நான்காவதை அடக்கக் கூடாத பதின்மூன்று உடல் வேகங்களுக்கும் ஒதுக்குகிறது. நாள்தோறும் எண்ணெய் தேய்க்கச் சொல்லும் அதே நூல், கபம் மிகுந்தவர்களும் அஜீரணம் உள்ளவர்களும் சுத்திகரிப்புச் சிகிச்சையை முடித்த கையோடு இருப்பவர்களும் தேய்க்கக் கூடாது என்று அடுத்த மூச்சிலேயே விலக்குகிறது; உடற்பயிற்சியைக்கூடத் தன் பலத்தில் பாதியளவே செய்யச் சொல்கிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு, யாருக்குக் கூடாது என்ற நான்கையும் சொல்லாமல் இந்த நூல் எதையும் பரிந்துரைப்பதில்லை. விளம்பரமோ எல்லோருக்கும், எப்போதும், பக்க விளைவு இல்லாமல் என்று மூன்றே சொற்களில் முடித்துவிடுகிறது. சீந்தில் கொடியைப் பெருந்தொற்றுக் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று குடித்து ஈரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதியபோது, ஆயுர்வேதத்தின் மீது சதி என்று கூச்சலிட்டவர்கள், வைத்தியர் ஒருவர் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வியான 'எத்தனை நாளாய்க் குடிக்கிறீர்கள்' என்பதைக் கேட்கக்கூடத் தயாராக இல்லை.

விதி நீக்கத்தை ஆதரிப்போரின் வாதம் ஒன்றே ஒன்றுதான்: 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொரு விதி மிகை என்பது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்கள் உண்டு. உலகம் ஒழித்துக்கட்டிய பெரியம்மை இன்னும் அதில் இருக்கிறது, எதிர்ப்பாற்றல் இல்லை. விளம்பரம் வெளியாகி, ஒருவர் புகார் கொடுத்து, வழக்கு நடந்து, குற்றம் உறுதியானால் முதல் முறைக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை என்பது அச்சட்டம் தரும் பாதுகாப்பு. பதஞ்சலி நிறுவனம் உச்ச நீதிமன்றம் எச்சரித்த பிறகும் விளம்பரம் செய்து, 2024 ஏப்ரலில் 67 நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிமையால் அன்று. இந்த வாதத்துக்கு இதற்கு மேல் இடம் கொடுக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தில், ஆயுர்வேதம் முழுவதுமே ஏமாற்று என்று சொல்லும் நவீன மருத்துவர்கள் அடிக்கடி காட்டுவது, 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த, இணையவழி வாங்கிய 193 மருந்துகளில் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்டறியப்பட்ட ஆய்வு. அவர்கள் கவனிக்க மறுப்பது இணையவழி என்ற ஒரு சொல்லை. முகம் தெரியாத விற்பனையாளர்கள் இணையத்தில் விளம்பரப்படுத்தி விற்றவை அவை. குமரி மாவட்டத்தின் கோட்டாற்றிலோ தக்கலையிலோ வைத்தியர் கையால் வாங்கிய முறிவெண்ணெய் அல்ல. அந்த ஆய்வு ஆயுர்வேதத்துக்கு எதிரான சான்றாக எவ்வளவு பயன்படுகிறதோ அதைவிட விளம்பரத்துக்கு எதிரான சான்றாகவே பயன்படும்.

மாற்று இல்லாமல் இல்லை. எல்லைக்கு அப்பால் கேரளத்தில், 1941இல் கொச்சி சமஸ்தானத்தில் தொடங்கி இன்று மாநில அரசின் நிறுவனமாக இருக்கும் ஔஷதி, சாஸ்திரிய மருந்துகளை அரசு மருத்துவமனைகளுக்குத் தயாரித்து அளிக்கிறது; 1902இல் பி.எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலை நடிகர்களால் வளர்ந்ததன்று. தமிழ்நாட்டுக்கும் 1983 முதல் டாம்ப்கால் என்ற மூலிகை மருந்துக் கழகம் உண்டு. மாநிலத்தின் ஒரே அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி நாகர்கோவில் கோட்டாற்றில் 2009 முதல் இயங்குகிறது. திருவிதாங்கூரின் பாடசாலைக்கும் இந்தக் கல்லூரிக்கும் இடையே 120 ஆண்டுகள் கழிந்தன என்பதும், அதில் 53 ஆண்டுகள் தமிழ்நாட்டின் கணக்கில் சேர்பவை என்பதும் சென்னையின் அக்கறையை அளக்கப் போதுமானவை. நடுவண் அரசின் அக்கறையையும் எண்ணால் அளக்கலாம்: 2025-26 நிதிநிலை அறிக்கையில் சுகாதாரத் துறை அமைச்சகத்துக்கு 99,858.56 கோடி ரூபாய், ஆயுஷுக்கு 3,992.90 கோடி, அதாவது நூற்றுக்கு நான்கு. ஒதுக்கீடு குறைந்த இடத்தை விளம்பரதாரர் நிரப்பட்டும் என்பதே விதி நீக்கத்தின் உள்ளர்த்தமாக இருக்க வேண்டும்.

மருந்துகள் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் 19ஆவது இனமாக இருப்பதால், தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கோரலாம். அந்தச் சட்டம் 170ஆம் விதியைத் திரும்பக் கொண்டுவருவதோடு நிற்கக் கூடாது. ஆயுர்வேதம், சித்தம், ஆங்கில மருத்துவம் என்ற பேதமின்றி, உள்ளுக்குக் கொடுக்கும் எந்த மருந்துக்கும் பொதுமக்களை நோக்கிய விளம்பரமே கூடாது என்று அது சொல்ல வேண்டும். கோட்டாற்றுக் கல்லூரியின் மேற்பார்வையில் காய்ச்சப்படும் சாஸ்திரிய எண்ணெய்களும் கசாயங்களும் குமரி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும், யாருக்குக் கூடாது என்ற குறிப்புடன், கிடைக்கச் செய்ய வேண்டும். அப்படி ஒரு சட்டம் வந்த மறு ஆண்டிலேயே பேட்டன்ட் புட்டிகளில் பாதி கடையலமாரியை விட்டு இறங்கிவிடும். மீதிப் பாதியின் உரிமையாளர்கள் தங்கள் கூட்டு எந்த நூலில், எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று தேடத் தொடங்குவார்கள்.