உறைமேல் பாப்பா, பலகைமேல் பிஸ்கட்

பார்லே-ஜி உறையில் சிரிக்கிற பாப்பாவைப் பார்த்தாலே பால்யம் திரும்புகிறதென்று உருகுகிறார்கள். மெழுகுத்தாள் உறை போய் பிளாஸ்டிக் வந்ததற்கும் துக்கம் கொண்டாடுகிறார்கள். யாருடைய பால்யம்? அந்தப் பாப்பா நிஜக் குழந்தையே இல்லை, 1960களில் மகன்லால் தய்யா வரைந்த படம்தான் என்று கம்பெனியே சொல்லிவிட்டது.

ஒரகடம் பக்கம் எங்க ஊர்த்தெரு டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர். நின்னு குடிச்சிட்டு நாங்களே கழுவிக் கவுக்கணும். பிஸ்கட்டைக் கையில் தரமாட்டான், பலகைமேல போடுவான். காசையும் பலகைமேலதான் வைக்கணும். அவன் தொட்ட உறையை நாங்க தொடலாமாம், விரல் மட்டும் படக்கூடாதாம்! அந்த மெழுகுத்தாளை எங்கம்மா சேத்து வச்சு அடுப்புப் பத்தவைப்பா. நல்லா எரியும். எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்தப் புகைதான்.

இன்னிக்கு அந்தக் கடையும் இல்ல, வயலும் இல்ல, சிப்காட். ஷிப்ட் பஸ்ஸுக்கு நிக்கிற எங்க பொண்ணுங்களுக்குக் காலைச் சாப்பாடு டீயும் அதே பாக்கெட்டும். 2021 டிசம்பரில் விடுதிச் சோறு தின்னு ஃபாக்ஸ்கான் பெண்கள் நூத்தம்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரியில் கிடக்க, கூட வேலை செஞ்சவங்க சென்னை–பெங்களூர் ரோட்டையே மறிச்சாங்க. உறைக்கு ஏங்குறவங்க அந்தச் சோத்தைப் பத்தி ஒரு வரி எழுதினீங்களா?